பெயரில் எஞ்சிய காடுகள்

காரைக்காலில் காடு எங்கே இருக்கிறது என்று வெளியூர் நண்பர் எவரேனும் கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிடுவர். கடல் உண்டு, கழி உண்டு, அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நந்தலாறு, திருமலைராயனாறு எனக் காவிரியின் கடைசிக் கிளைகள் உண்டு, அவற்றுக்கு இடையே நெல்வயல்கள் உண்டு. திணை இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இவ்வூர் வசதியானதொரு கரும்பலகை. வகுப்பறையிலிருந்து கிழக்கே கைகாட்டினால் நெய்தல், மேற்கே கைகாட்டினால் மருதம். முல்லைக்கும் குறிஞ்சிக்கும்தான் கற்பனையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் இக்கரையின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் வேறொரு நிலம் எழுந்து வரும். காரைக்கால் பகுதியின் கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்றின் பெயர் நெடுங்காடு. திருநள்ளாற்று இறைவர் தர்ப்பாரண்யேசுவரர், அதாவது தர்ப்பைக் காட்டின் தலைவர். கடலோரத் திருவேட்டக்குடியில் இறைவன் வேடனாக வந்தான் என்கிறது தலபுராணம். வேடன் வருவதற்கு ஒரு காடு இருந்திருக்க வேண்டுமல்லவா? வடக்கே சென்றால் தலைச்சங்காடு, திருச்சாய்க்காடு, திருவெண்காடு. தெற்கே சென்றால் திருமறைக்காடு, அதற்கும் அப்பால் கோடியக்காடு. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கரையில் இத்தனை காடுகள் பெயரளவில் நிற்கின்றன. இவற்றுள் இன்றும் காடாகவே இருப்பது கடைசியாகச் சொன்ன ஒன்றுதான்.

மற்றவை எவ்வாறு மறைந்தன, மறைந்தவற்றைப் பற்றி நம் இலக்கியம் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டை வென்ற புகழ்

சோழநாட்டுக் காடுகளின் வரலாற்றைத் தேடுபவர் முதலில் சென்று நிற்க வேண்டிய இடம் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனின் அருஞ்செயல்களை அடுக்கும் இடத்தில், அவன் வனத்தை அகற்றி மக்கள் வாழும் நாடாகச் செய்ததையும், குளங்கள் வெட்டி வளம் பெருக்கியதையும் சேர்த்தே புகழ்கிறார். அங்கே காட்டை நீக்கியதற்கு அவர் ஆளும் வினைச்சொல் 'கொல்லுதல்' என்பது கவனிக்கத்தக்கது. பகைவரைக் கொல்லுதல் போலவே காட்டைக் கொல்லுதலும் மன்னனின் வீரச் செயலாக எண்ணப்பட்டிருக்கிறது.

இதில் வியப்பு ஏதுமில்லை. நெல்லை நம்பி வாழத் தொடங்கிய ஒரு சமூகத்துக்குக் காடு என்பது இன்னும் வயலாகாத நிலம். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் ஒவ்வொரு தலைமுறையிலும் காட்டின் விளிம்பு சற்றுப் பின்வாங்கியிருக்கும். கோயில்கள் எழுந்தன; கோயிலுக்கு நிலம் வந்தது; நிலத்துக்கு நீர் வந்தது. தேவாரம் பாடிய மூவர் இத்தலங்களுக்கு வந்தபோதே பல 'காடு'கள் ஊர்களாகிவிட்டிருந்தன. அவர்களது பாடல்களில் சோலையும் வயலும் நீரும் ஒருங்கே வருவதைப் படிப்போர் இதை உணர்வர். 1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. கொடிகள் மாறிய இந்நெடுங்காலத்தில் நிலத்தின் தன்மை மாறவில்லை. பிரெஞ்சுக்காரர் இவ்வூரை விரும்பியதற்கு அதன் நெல்லும் துறைமுகமும் காரணங்கள். காட்டைத் தேடி யாரும் இங்கு வரவில்லை.

ஊர்ப்பெயர்களைக் கொண்டு பழைய காடுகளை மீட்டெடுக்கும் முயற்சி இங்கிலாந்தில் ஓர் ஆய்வுமுறையாகவே வளர்ந்திருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலிவர் ராக்கம் (1939–2015) அதில் முதன்மையானவர். 'லி' என்று முடியும் ஆங்கில ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே திறந்த வெட்டவெளியைக் குறிப்பவை. ஓக்லி என்றால் ஓக் மரங்களின் நடுவிலான வெளி. பிராட்லி என்றால் அகன்ற வெளி. இத்தகைய பெயர்கள் நெருங்கிக் கிடக்கும் வட்டாரங்களை வரைபடத்தில் குறித்தால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காடு எங்கே அடர்ந்திருந்தது என்பது தெரிந்துவிடும். பெயரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டைத் துணைக்கொண்டனர். வரப்பையும் பள்ளத்தையும் அளந்தனர். காட்டுத் தரையில் எந்தச் செடி பூக்கிறது என்று பார்த்தனர். அந்நாட்டில் 1600-ஆம் ஆண்டிலிருந்து இடையறாது மரம் நின்றுவரும் இடங்களுக்குத் 'தொல்காடு' என்ற பொருள்படும் தனித்தகுதியே உண்டு.

அங்கே பெயர் காட்டுக்குள் விழுந்த இடைவெளியைச் சொல்கிறது. இங்கே இடைவெளியே நாடாகிவிட்ட பின்னும் பெயர் காட்டைச் சொல்கிறது. நம்மிடம் டூம்ஸ்டே பதிவேடு இல்லை. ஆனால் அதற்கு நிகராக, சில வகைகளில் அதற்கும் மேலாக, செடி கொடிகளைப் பெயர் சொல்லிப் பதிந்த பாடல்கள் இருக்கின்றன. அவற்றை அவ்வாறு படிக்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைந்துவிட்டது.

சொல்லுக்குள் மறைந்த புல்

திருச்சாய்க்காட்டை எடுத்துக்கொள்வோம். பூம்புகாருக்கு அருகிலுள்ள இத்தலத்துக்கு இன்று வழங்கும் பெயர் சாயாவனம். 'சாய்' என்பது ஒரு கோரைப்புல். சங்கப் பாடல்களில் சிறுமியர் பாவை செய்து விளையாடும் பஞ்சாய் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆற்றுமுகத்தில் நீர் தேங்கும் தாழ்ந்த நிலத்தில் கோரை காடாக வளர்ந்திருந்த இடம் சாய்க்காடு. காடு வனமாகி, சாய்க்காடு சாயாவனமானபோது, கேட்பவர் செவியில் அது 'சாயை' என்னும் நிழலோடு சேர்ந்து நிழற்காடு என்றே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. அழகான பெயர்தான். ஆனால் கோரை அதிலிருந்து நழுவிவிட்டது. நிலத்தில் கோரை குறைவதற்கு முன்பே சொல்லில் அது இல்லாமற் போனது என்றுகூடச் சொல்லலாம்.

இதோடு திருநள்ளாற்றின் தர்ப்பைக் காட்டையும் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இக்கரையின் பழைய மக்கள் காடு என்று சொன்னபோது வானளாவிய மரங்களை மட்டும் எண்ணவில்லை. தர்ப்பை அடர்ந்தாலும் காடு, கோரை அடர்ந்தாலும் காடு, முட்புதர் மண்டினாலும் காடு. மனிதன் விதைக்காமல் தானாக எழுந்த எதுவும் காடுதான். இந்தப் பொருளை மனத்தில் கொண்டால் காவிரிக் கழிமுகத்தில் காடா என்ற ஐயமே எழாது.

திருமறைக்காட்டின் கதையும் இத்தகையதே. வேதங்கள் வழிபட்ட காடு என்பது தலபுராணம் தரும் விளக்கம். அதன் வழியே வேதாரண்யம் என்ற பெயர் நிலைத்தது. மரை என்னும் மானினம் வாழ்ந்த மரைக்காடே மறைக்காடு ஆயிற்று என்று கருதுவோரும் உண்டு. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. மறைக்காட்டுக்குத் தெற்கே இன்றும் மான்கள் மேய்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி நம் ஊர்ப்பெயர். காரைக்கால் என்பதில் உள்ள 'கால்' வாய்க்கால். 'காரை' என்ன? சுண்ணாம்புக் காரை என்பது ஒரு விளக்கம். காரை என்னும் முட்செடி என்பது மற்றொரு விளக்கம். கரையோரப் புதர்களில் வளரும் செடி அது. எதிரெதிராக முட்கள் கொண்டது. மஞ்சள் நிறத்தில் பழுக்கும் அதன் சிறு பழங்களைச் சிறுவர் பறித்துத் தின்பது வழக்கம். இவ்விரண்டு விளக்கங்களை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் தயங்காமல் சுண்ணாம்பைத் தேர்ந்தெடுப்பர். காரணம் எளியது. சுண்ணாம்பை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், செடியைப் பார்த்ததில்லை.

சாயாவனம் என்ற பெயரைத் தமிழ் வாசகர் அறிந்திருப்பது பெரும்பாலும் சா. கந்தசாமியின் நாவல் வழியாகத்தான். 1969-இல் வாசகர் வட்டம் வெளியிட்ட அந்நாவலில், வெளிநாட்டில் பொருளீட்டி ஊர் திரும்பும் சிதம்பரம், கரும்பாலை அமைப்பதற்காக ஒரு பெரும் தோட்டத்தை விலைக்கு வாங்கி, வெட்டியும் எரித்தும் அழிக்கிறான். மயிலாடுதுறையில் பிறந்த கந்தசாமி அவனை வில்லனாக்கவில்லை; அழிவுக்காக ஒப்பாரி வைக்கவும் இல்லை. எந்தக் கொடியை எப்படி அறுத்தான், எந்த மரம் எப்படி விழுந்தது என்று மட்டும் எழுதிச் செல்கிறார். பட்டினப்பாலை ஒரு தொடரில் புகழ்ந்து கடந்த செயலை, அதே கரையில், பல நூற்றாண்டுகளுக்குப் பின், ஒருவர் ஒரு நாவல் முழுதும் நின்று பார்த்திருக்கிறார். தமிழ் இலக்கியத்தில் இதைவிட நீண்டதொரு மறுமொழி இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

அம்மையாரின் செடிகள்

காரைக்காலில் பிறந்த புனிதவதியார் பேயுருப் பெற்று, தலையால் நடந்து கயிலை சேர்ந்து, பின் திருவாலங்காட்டில் இறைவனின் ஆடலைக் கண்டு பாடினார் என்று சேக்கிழார் சொல்லும் வரலாறு அனைவரும் அறிந்தது. ஆண்டுதோறும் ஆனி முழுநிலவையொட்டி இங்கு நடக்கும் மாங்கனித் திருவிழாவில், வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்கும் கூட்டத்தின் ஆரவாரத்தில், அந்த அம்மை நமக்கு மாங்கனியோடு மட்டுமே நினைவில் நிற்கிறார். அவர் பாடிய பாடல்களைத் திறந்தால் அங்கே மாமரம் இல்லை. அங்கே இருப்பது முட்காடு.

அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அவற்றுள் இரண்டாவது தொடங்கும்போதே ஒரு செடிப் பட்டியல் வருகிறது. காரை, சூரை, ஈகை ஆகிய முட்செடிகளும் எட்டி, இலவம் ஆகிய மரங்களும் சுடலையைச் சூழ்ந்த கள்ளியும் அதில் இடம்பெறுகின்றன. முதற்பதிகத்தில் கள்ளியின் கவடுகளுக்கிடையே காலை நீட்டிக்கொண்டு ஒரு பேய்மகள் கொள்ளிக்கரியை மையாகத் தீட்டிக்கொள்கிறாள். நள்ளிரவில் வாகையின் உலர்ந்த நெற்றுகள் ஒலிக்கின்றன, கூகை கூவுகிறது. உரை எழுதுவோர் இவற்றை 'சுடுகாட்டின் அச்சமூட்டும் சூழல்' என்ற ஒரு தொடரில் அடக்கிவிடுவர். தேர்விலும் அதுவே விடை. ஆனால் கோடையில் ஒரு வாகை மரத்தடியில் காற்று வீசும்போது நின்றவர்களுக்குத் தெரியும்: அந்த நெற்றோசை கற்பனையில் தோன்றியதன்று, கேட்டவர் எழுதியது.

சுடுகாடு, இடுகாடு என்னும் சொற்களில் காடு எதற்காக வந்து ஒட்டிக்கொண்டது? மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இதற்கு விடை தருகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டை வருணிக்கும் சாத்தனார் அதற்குள் மரங்களின் பெயரால் அமைந்த மன்றங்களைக் காட்டுகிறார். வாகை நிற்கும் மன்றம், விளா நிற்கும் மன்றம், வன்னி நிற்கும் மன்றம், இலந்தை நிற்கும் மன்றம். அங்கே கோயில் கொண்ட காளியும் காட்டில் உறையும் செல்வியாகவே சுட்டப்படுகிறாள். புகார் பெருநகரம், சுற்றிலும் வயலும் துறையும் நெருங்கிய இடம். அத்தகைய நகரில் மரங்கள் வெட்டப்படாமல் நின்ற நிலம் எது? இறந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட நிலம்தான். உழவன் ஏர் பூட்டத் தயங்கிய இடத்தில், விறகு பொறுக்கவும் அஞ்சிய இடத்தில், பழைய காட்டின் ஒரு துண்டு தங்கிப்போயிருக்கிறது. வயலுக்கு வெளியே எஞ்சிய நிலத்துக்கும் சாவுக்கு ஒதுக்கிய நிலத்துக்கும் ஒரே சொல் பொருந்தியதற்கு இது காரணமாகலாம்.

அம்மையார் பாடியது இங்கிருந்து வெகுதொலைவில், வடக்கே உள்ள ஆலங்காட்டை. எனவே அவரது செடிப்பட்டியலைக் காரைக்காலின் தாவர ஆவணமாகக் கொள்வது முறையாகாது. ஆனால் சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரே வகைக் காடு விரிந்திருந்தது என்பது தாவரவியலார் கூறும் செய்தி. உலர் பசுமைக் காடு என்று அதனைச் சொல்லலாம். மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில வாரங்களே பெய்யும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும். ஆயினும் இலை உதிராது. தோல்போலத் தடித்த சிறு இலைகளால் நீரைக் காத்துக்கொண்டு, உயரம் குன்றி, புதரோடு புதராகப் பின்னிக் கிடக்கும் காடு அது. 1968-இல் சாம்பியன், சேத் ஆகியோர் வகுத்த இந்தியக் காட்டு வகைகளில் இதற்குத் தனியிடம் உண்டு. பாலை, எட்டி, மகிழ், காயா முதலியன இக்காட்டுக்குரியவை. ஆக, தம் ஊரைவிட்டு நடந்த அம்மை வடக்கே கண்டதும் தமக்குத் தெரிந்த காட்டின் மற்றொரு முனையாக இருந்திருக்க வாய்ப்புண்டு. அதில் தம் ஊர்ப்பெயரில் உள்ள செடியையும் அவர் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார் என்பது எதையும் நிறுவுவதற்கன்று, எண்ணி மகிழ்வதற்கு.

கோடியக்காட்டில் ஒரு நாள்

இச்செடிகளை ஒருங்கே பார்க்க முடியுமா என்ற கேள்வியோடுதான் நாங்கள் நால்வர் ஒரு மாசி மாதத்து விடியலில் கோடிக்கரைக்குப் புறப்பட்டோம். நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலை இடப்புறம் வைத்துக்கொண்டே செல்லும் பாதை. வேதாரண்யத்தை நெருங்கும்போது உப்பளங்கள் தொடங்குகின்றன. 1930-இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த கரை இது.

கோடியக்காடு ஏன் பிழைத்தது என்பதற்கான விடை காலடியிலேயே இருக்கிறது. மணல். கடல் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒதுக்கிக் குவித்த மணல்மேடுகள் மீதுதான் இக்காடு நிற்கிறது. காவிரி நீர் இதுவரை எட்டுவதில்லை. எட்டினாலும் மணல் அதைத் தாங்காது. நெல் விளையாத மண்ணாக இருந்ததே இக்காட்டுக்கு வாய்த்த காப்பு. 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் சதுப்பும் சேர்ந்த பெரும்பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலமாகப் பட்டியலிடப்பட்டது.

சோதனைச் சாவடியைக் கடந்து உள்ளே சென்றதும் முதலில் உறைப்பது அமைதி. வெளியே ஓயாத கடற்காற்று, உள்ளே வந்ததும் இலைகளின் மேல் மட்டுமே கேட்கிறது. மரங்கள் உயரமில்லை. பாலை மரங்கள் முறுக்கிய தண்டோடும் கரும்பச்சை இலைகளோடும் குடைபோலக் கவிந்து நிற்கின்றன. பாலைத் திணைக்குப் பெயர் தந்த மரம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெட்பாலை என்போரும் உளர். கோடிக்கரை மக்களுக்கு அந்த ஐயமில்லை. அவர்களுக்குப் பாலை என்றால் இதுதான். கோடையில் இதன் மஞ்சள் பழம் அவர்களுக்கு விருந்து. மரங்கள் முடிந்து புல்வெளி திறக்கும் இடத்தில் வெளிமான்கள் நின்றன. முறுக்கிய கொம்புகளோடு கருத்த முதுகுடைய கலை ஒன்று எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டுத் துள்ளி மறைந்தது. அப்பால் மனிதரை மறந்துபோன குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அக்காட்டோரத்தில் பிறந்து வளர்ந்த முதியவர். அம்மையாரின் பட்டியலை நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் கிடைக்கவில்லை, கிடைத்தவையே போதுமானவையாக இருந்தன. "இது சூரை, சட்டையப் புடிச்சா விடாது, தள்ளியே நில்லுங்க" என்றார். பின்வளைந்த முட்கள் அப்படித்தான் செய்தன. சிறிது தொலைவு சென்றதும் இடுப்பளவு உயரப் புதர் ஒன்றின் கிளையை ஒதுக்கிப் பிடித்து, "காரை கேட்டீங்களே சார், இதுதான்" என்றார். இருபது ஆண்டுகளாக ஒரு பதிகத்தைக் கற்பித்துவரும் நாங்கள் அதன் செடியை ஒருவர் கைகாட்டித் தெரிந்துகொண்டோம். அவரோ செடியை அறிந்த அளவுக்குப் பதிகத்தை அறியார். பாடல் எங்களிடமும் செடி அவரிடமுமாகப் பிரிந்து கிடந்தன. நண்பர் ஒருவர் அப்பாடலை அவருக்குச் சொல்லிக் காட்டினார். கேட்டுவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார்.

கோடிக்கரைக்கெனவே ஒரு பதிகம் உண்டு. கோடிக்குழகர் கோயிலுக்குச் சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர், கடற்காற்று ஓங்கி அடிக்கும் இக்கரையில் துணை ஒருவரும் இன்றி இருக்கிறீரே என்று இறைவனிடம் மனம் வருந்திக் கேட்கிறார். காடு மிகுந்த இடம், மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறி அம்மையை அச்சுறுத்துகின்றன, அக்கம்பக்கத்து வேடர்களும் நல்லவர்கள் அல்லர், இங்கே ஏன் கோயில் கொண்டீர் என்பது அவர் வினா. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காட்டின் நேரடிச் சாட்சி இது. பொந்து என்கிறார் என்றால் முதிர்ந்த மரங்கள் நின்றிருக்க வேண்டும். இளமரத்தில் பொந்து விழாது. ராக்கம் கையில் இப்படி ஒரு பாடல் கிடைத்திருந்தால் எத்தனை பக்கம் எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொண்டோம்.

இக்காட்டின் நிலை கவலைக்குரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் இங்கிருந்த முதிர்ந்த மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடங்களை நோக்கிச் சீமைக்கருவேலம் நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் எந்தப் பதிகத்திலும் இல்லாதது. முறிந்த சில அடிமரங்களில் துளிர் விட்டிருந்ததையும் நாங்கள் கண்டோம். இங்கிலாந்தின் பழங்காடுகள் பலவும் வெட்ட வெட்ட அடியிலிருந்து தழைத்த மரங்களாலேயே நின்றவை. காடு தானாக மீளும் ஆற்றலுடையது. அதற்குக் காலம் கொடுக்கப்படுமா என்பதே கேள்வி.

சொல்லும் செடியும்

சொல்லறிவும் செடியறிவும் எப்போதும் இப்படிப் பிரிந்தே இருந்தனவா? இல்லை. காரைக்காலுக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்தார் லின்னேயஸின் மாணவரான யோகான் கெரார்டு கோனிக். அவரைத் தொடர்ந்து அங்கிருந்த சமயப் பணியாளர்கள் பலர் இக்கரைத் தாவரங்களைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1776-இல் வந்த ராட்லர் அவர்களுள் ஒருவர். செடிகளை உலர்த்திப் பெயரிட்ட அதே கைதான் பிற்காலத்தில் 1834 முதல் 1841 வரை வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியையும் தொகுத்தது. அகராதி நிறைவுறும் முன்பே, 1836-இல் அவர் மறைந்தார். ஒரே மனிதரின் மேசையில் சொல்லும் செடியும் அருகருகே இருந்த காலம் அது. அவர்களது நோக்கங்கள் வேறு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. முறையைக் கற்றுக்கொள்ளத் தடையும் இல்லை.

1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதன் இந்தியவியல் வெளியீட்டு வரிசையில் முதல் நூலாக 1956-இல் வந்தது காரைக்கால் அம்மையாரின் பாடல்கள், பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன். அதே நிறுவனத்தின் மற்றொரு பிரிவு தென்னிந்தியத் தாவரப் போர்வையை வரைபடங்களாக்கும் பெரும்பணியில் இறங்கியது. ஒரே கூரையின் கீழ் ஒருபுறம் அம்மையின் சொல், மறுபுறம் அச்சொல் குறிக்கும் காடு. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் பகுதியில் வெற்றுச் செம்மண்ணாகக் கிடந்த நிலத்தில் இதே உலர் பசுமைக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்தவர்களும் உள்ளனர். அவர்களுக்கு விதை கிடைத்த இடங்களுள் முக்கியமானவை கோயில்காடுகள். ஐயனாருக்கும் அம்மனுக்கும் அஞ்சி மக்கள் விட்டுவைத்த துண்டுகளே காட்டின் விதைக்களஞ்சியமாயின.

காரைக்காலில் கோயில்காடு என்று சொல்லத்தக்கது பெரிதாக இல்லை. ஆனால் குளக்கரைகள் உண்டு, ஆற்றுப் படுகைகள் உண்டு, ஊர்ப்புறச் சுடுகாடுகள் உண்டு. தகனமேடைக்குக் கூரையும் சுற்றுச்சுவரும் சிமெண்டுத் தரையும் வருவதை எதிர்ப்பதற்கில்லை. இறுதிச் சடங்குக்கு வருவோர் மழையில் நனைய வேண்டும் என்று யார் சொல்வர்? ஆனால் துப்புரவு என்ற பெயரில் வேலியோரத்துப் புதர் முழுவதும் இயந்திரத்தால் வழிக்கப்படும்போது, வழிக்கப்படுவது காரையா, சூரையா, சீமைக்கருவேலமா என்று பார்த்துச் சொல்ல ஊரில் ஒருவராவது இருக்க வேண்டாமா? அந்த ஒருவர் தமிழ் படித்தவராக இருந்தால் என்ன?

எங்கள் துறை மாணவர்கள் இப்போது ஒரு சிறு வேலையில் இறங்கியிருக்கிறார்கள். மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் வரும் செடி, மரம், பறவைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றையும் இவ்வட்டாரத்தில் எங்கே, யார் உதவியால் பார்த்தோம் என்பதை எதிரே குறிக்கிறார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆடு மேய்ப்போரும், விறகுக்குச் செல்லும் பெண்களும், நாட்டு மருந்து கொடுக்கும் முதியோருமே. நெடுங்காட்டைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தன் ஊரில் நெடுநாள் மூத்த மரம் எது என்று பாட்டியிடம் கேட்டு வந்திருக்கிறாள். குறிப்பேட்டில் இன்னும் காலியான கட்டங்களே மிகுதி. காரைக்கு நேரே மட்டும் இரண்டு இடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று கோடியக்காடு, மற்றொன்று காரைக்கால் எல்லைக்குள்ளேயே ஒரு வாய்க்கால் கரை.